அத்தாவுக்கு ஓட்டிக் காட்டிய ரயில்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை என்று லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெரு முழுக்கப் பெயர் வாங்கியிருந்தேன். சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியேதான் சாப்பிடுவேன். "இவ கால்ல சக்கரம் கட்டித்தான் அல்லா அனுப்பிருக்கான்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் புலம்பும். அப்படிப்பட்ட என்னைப் பொழுதுக்கும் நாற்காலியில் உட்காரவைத்தது ஒரு விளையாட்டு சி.டி.

துபாயிலிருந்து வந்த மாமா, அங்கே ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கூடவே கொஞ்சம் சி.டி.க்கள். கார் ஓட்டுவது, துப்பாக்கி சுடுவது எல்லாவற்றையும் அண்ணன் அள்ளிக்கொண்டான். எனக்கு மிஞ்சியது ரோலர் கோஸ்டர் கட்டுகிற விளையாட்டு. தண்டவாளத்தை நம் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கி, வளைத்து, தலைகீழாகக்கூடப் போடலாம். போட்டு முடித்தால் ரயில் ஓடும். முன் சீட்டில் நாமே உட்கார்ந்து போகிற மாதிரி திரையில் தெரியும். நிஜத்தில் நான் ஏறியிருந்தது தர்காவில் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு வருகிற, ஆள் கையால் தள்ளிச் சுற்றுகிற ராட்டினம்தான்.

தண்டவாளத்தைத் தாங்குகிற தூண்களை விளையாட்டே நட்டுவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி, குச்சி குச்சியாக நின்றன. அதை வேண்டாமென்று அணைத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியாக நாமே நட்டு இணைக்கவும் அதில் ஒரு வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அண்ணனுக்கு இது விளங்கவே இல்லை. "ஏய் லூசு, தூணே இல்லாட்டியும் ரயிலு ஓடும்டி. கம்ப்யூட்டர்ல எதுவும் விழாது" என்றான். என் தூண்களையெல்லாம் எடுத்துவிட்டு ஓட்டியும் காட்டினான். அந்தரத்தில் தொங்கிய தண்டவாளத்தில் ரயில் ஜோராகத்தான் ஓடியது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடினால் ஆச்சா? பார்க்கிறவர்கள் நம்ப வேண்டாமா?

ஆனால் நான் பார்த்திருந்த முட்டு ஒரே வகைதான். எங்கள் ஊரில் எந்நேரமும் வெளிநாட்டில் சம்பாதிக்கிற யாராவது ஒருவர் வீடு எழும்பிக்கொண்டிருக்கும். மேல்தளம் போடப் பலகை அடித்து, அடியில் சவுக்குக் கம்புகளை நெருக்கி நட்டிருப்பார்கள். நானும் அப்படியே தண்டவாளத்துக்கு அடியில் நேர்நேராக நட்டுத் தள்ளினேன். எங்கோ இடித்தது. என்னவென்று தெரியாமல் பிடுங்குவதும் நடுவதுமாக அலைந்தேன்.

அத்தா, எங்களுக்கு அப்பாவென்றால் அத்தாதான், துபாயில் உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து போன் பண்ணுவார். எனக்கும் அவருக்கும் பேச ஒன்றுமே இருக்காது. "நல்லா இருக்கியாம்மா? ஓதுறியா?" என்பார். "ம்" என்பேன். அப்புறம் ரிசீவர் அம்மா கைக்குப் போய்விடும். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் என் தூண் கதையை எடுத்துவிட்டேன்.

அத்தா சிரித்தார். "சவுக்குக் கம்பு சும்மா கெடக்குற பாரத்துக்கும்மா. ஓடுற வண்டி பக்கவாட்டுல தள்ளும்ல? வளைவுல வெளிப்பக்கமா சாச்சு முட்டுக் குடு. ஊடால குறுக்குக் கம்பி போடு."

அப்படியே செய்தேன். அடடா, தண்டவாளம் முதன்முதலாகத் தரையில் நிற்கிற மாதிரி இருந்தது! அதற்கப்புறம் எனக்கு வாரம் முழுக்க வெள்ளிக்கிழமை மேலேயே கண். "கால எதுல ஊனியிருக்கே?" என்று கேட்பார் அத்தா. "மண்ணுலத்தா" என்பேன். "வெறும் மண்ணுலயா? அடியில கான்கிரீட் போடும்மா" என்று பதறுவார். அம்மா பக்கத்தில் நின்று என் தோளை இடித்துக்கொண்டே இருக்கும். "எனக்கும் ரெண்டு வார்த்த வைடி. ஒன் ரயிலு எங்கயும் ஓடிப்போயிடாது." நான் ரிசீவரை விட்டால்தானே!

"நான் வர்றப்ப ஓட்டிக் காட்டு" என்று சொல்லியிருந்தார் அத்தா. எங்கள் ஊரில் எல்லாமே அத்தா வந்ததும்தான். தங்கச்சிகளுக்குக் காது குத்துவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, அண்ணன்களுக்கு விழ வேண்டிய அடி எல்லாம் அதற்காகக் காத்துக் கிடக்கும். என் ரயிலும் அந்த வரிசையில் போய் நின்றது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அம்மாவும் மாமாவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். கேட்டால் "லைன் கெடைக்கலையாம்" என்றது அம்மா. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உச்சியை இன்னும் உயர்த்தினேன். உயர்த்தினால் அத்தாவிடம் கேட்க நிறைய இருக்குமே.

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் அத்தாவே வந்து இறங்கினார். எப்போதும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் வண்டி கொள்ளாமல் வரும். இந்தமுறை ஒரே ஒரு பை. அண்ணன் முகம் தொங்கிவிட்டது. எனக்கென்ன? ரயிலைப் பார்க்க அத்தா வந்துவிட்டார், அது போதாதா?

ஆனால் அவரைக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்த்துவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. "எத்தன மாசம் லீவு?" என்று கேட்பார்கள். "பார்ப்போம்" என்பார். அவர்கள் எழுந்து போனால் கரண்ட் போய்விடும். கரண்ட் வந்தால் அத்தா தொழப் போய்விடுவார். திரும்பி வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். "குட்டி போட்ட பூன மாதிரி ஏன்டி சுத்துறே? அத்தாவ அந்த ரயிலுகிட்ட இழுத்துட்டுப் போகாத, சொல்லிட்டேன்" என்றது அம்மா. எனக்கு உடனே புரிந்துவிட்டது. போனில் நான் தின்ற நிமிஷங்களுக்கெல்லாம் அம்மா பழிவாங்குகிறது.

அம்மா ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போன மதியம், அத்தாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் திரையில் ஒவ்வொரு தூணாக விரலால் தொட்டுப் பார்த்தார். "பரவால்லியே. இது நிக்கும்மா" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அவர் விரல் மெல்ல ஏறிப் பாதியில் நின்றது.

"மேல ரிப்பேருக்கு ஏறுறவன் எதப் புடிச்சுக்குவான்?"

"யாரும் ஏற மாட்டாங்கத்தா. கம்ப்யூட்டரு தானே."

"ஏறுவான்மா. எவனாச்சும் ஒருத்தன் ஏறித்தான் ஆகணும். ஏணி வை. கைப்பிடி வை."

"அப்புறம் வைக்கிறேன், மொதல்ல இதப் பாருங்க" என்று ரயிலைக் கிளப்பிவிட்டேன். டக் டக்கென்று ஏறியது. முன்னால் வெறும் வானம் தெரிந்தது. நான் திரையைத்தான் பார்த்தேனே தவிர அத்தாவைப் பார்க்கவில்லை. உச்சியில் ஒரு கணம் நின்று, ரயில் தலையைக் கவிழ்த்தது. அடியில் எங்கோ ஆழத்தில் தரை தெரிந்தது.

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. அத்தா ஒரு கையால் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. அந்த வாரம் நான் கட்டிய வளைவு, சாய்த்துக் கொடுத்த முட்டு, புது உச்சி, சேமிக்காமல் வைத்திருந்த அத்தனையும் போய்விட்டது.

"என்னத்தா பண்ணுனீங்க!" என்று கத்தினேன். அவர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"கரண்டு போயிருச்சும்மா" என்றார்.

தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ரயில் போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். இப்படி முகத்துக்கு நேராகப் பொய் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அழுதுகொண்டே தெருவுக்கு ஓடினேன். பல நாள் அவரோடு பேசவில்லை. விஷயம் தெரிந்தும் அம்மா என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

வீம்புக்கு எல்லாவற்றையும் மறுபடி கட்டினேன். ஏணியும் கைப்பிடியும் வைத்தேன். அத்தா அறை வாசலில் நின்றபடியே, "கைப்பிடி முழுக்க வச்சிட்டியா?" என்று கேட்டார். "உச்சி வரைக்கும்" என்றேன். "சரிம்மா" என்று போய்விட்டார். ரயிலை ஓட்டச் சொல்லவே இல்லை. அவ்வளவுதானா என்றிருந்தது.

அத்தா திரும்பத் துபாய்க்குப் போகவில்லை. ஊரிலேயே ஆணி, பெயிண்ட் விற்கிற கடை போட்டார். சாமான் அடுக்கத் தட்டு எப்படி அடிக்கலாம் என்று என்னிடம் கேட்டார். நான் கூரை வரைக்கும் தட்டு, ஏறி எடுக்க ஏணி என்று பிரமாதமாக வரைந்து கொடுத்தேன். கையெட்டுகிற உயரத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். மேலே பாதிச் சுவர் மொட்டையாகக் கிடந்தது. கெஞ்சினேன், கொஞ்சினேன், அவர் மசியவில்லை. போன் வராத அந்த நாட்களில், தான் கட்டிய சாரத்திலிருந்தே அத்தா தவறி, கீழே விரித்திருந்த வலையில் விழுந்து பிழைத்தார் என்பதை என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னது. பிறகு அவரால் மாடிப்படிகூட ஏற முடியவில்லையாம்.

கடை திறந்த அன்று வந்தவர்களெல்லாம் அந்த மொட்டைச் சுவரைத்தான் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு காலண்டரையாவது மாட்டுவோம் என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். அத்தா வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். குனிந்து ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்து மேலே பார்க்கவே இல்லை. நான் மாட்டி முடித்து இறங்கும்வரை கையை எடுக்கவும் இல்லை.

"விடுங்கத்தா, எல்லாரும் பாக்குறாங்க. இதுலேருந்தெல்லாம் யாராச்சும் விழுவாங்களா?" என்று அவர் தலைக்குமேல் நின்று சிடுசிடுத்தேன்.