ரங்கூன் பெட்டியில் வந்த நாலு பிளேட்டு

கிராமபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிளேட்டு, அதாவது இசைத்தட்டு, போடுகிறவனுக்குப் பயமும் கூடவே வரும். ஸ்பிரிங் அறுந்தாலும் அவன் தலைதான், பிளேட்டு கீறினாலும் அவன் தலைதான். அடுத்தவர் பொருளைக் கையில் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரைக்குடியில் ஒரு கிராமபோன் கடையில் வேலைக்கு இருந்தபோது கண்டனூர் வீடு ஒன்றில் நான் பட்ட பயத்தை மட்டும் சொல்கிறேன்.

பாட்டில்லாத பிளேட்டு

அந்த வீட்டு விசாலாட்சி ஆச்சியின் கணவர் செட்டியார் ரங்கூனில் இருந்தார். ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. கப்பலில் வந்த ஊர்க்காரர் ஒருவர் அவருடைய டிரங்குப் பெட்டியை வீட்டில் இறக்கிவிட்டு, தனக்கு வேறொன்றும் தெரியாது என்று போய்விட்டார். ஆள் வராமல் பெட்டி மட்டும் வந்தால் ஊர் என்ன நினைக்கும்? உள்ளே வேட்டிகளுக்கு நடுவே நாலு பிளேட்டு இருந்தன.

எனக்கு ஆள் அனுப்பினார்கள். ஆச்சி கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலும் ஜாஸ் பியானோ. பாட்டுக் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது, வாசிப்பவர் ஒரே ஆள். இடது கை தாவித் தாவி நடக்க, வலது கை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓடியது. பாதியில் நிறுத்தட்டுமா என்று ஆச்சியிடம் கேட்டேன்.

"வேணாம், முடிய ஓடட்டும். அவுக எதையும் கடைசியிலதேன் சொல்லுவாக."

முதலாளி சொன்ன புத்தி

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடிதத்துக்குப் பதிலாகக் கணவர் பிளேட்டில் பேசி அனுப்பியிருக்கிறார் என்று ஆச்சி நம்பிக்கொண்டிருந்தார். இதெல்லாம் கம்பெனி பிளேட்டு, யாரோ வெள்ளைக்கார தேசத்தில் வாசித்தது என்று எப்படிச் சொல்வது? கடைக்கு வந்து முதலாளியிடம் யோசனை கேட்டேன். அவர் ஊசி டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உள்ளே அவுக இல்லைன்னு நீ சொன்னா, ஆச்சி காதுல அது எப்படி விழும்? பேசாம கிராமபோனுக்குச் சாவி கொடுத்துப் பிளேட்டைப் போட்டுட்டு வா."

மூச்சுச் சத்தம்

ஒரு மாதம் தினமும் போனேன். ஆச்சி ஒவ்வொரு பிளேட்டிலும் கடைசி விரற்கடை அகலத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் புது ஊசி மாற்றினேன். ஆனாலும் பிளேட்டு தேய்வது என் காதுக்குத் தெரிந்தது. இதற்குள் அந்த வாசிப்பு எனக்குப் பிடித்தும் போயிருந்தது. யாருமில்லாத அறையில் ஒரு மனிதர் தனக்குத் தானே துணையாகப் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. கேட்கக் கேட்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஒரு நாள் நாலாவது பிளேட்டின் முடிவில், வாசித்தவர் மூச்சு விடுவது லேசாகக் கேட்டது. கணவர் மூச்சென்று எண்ணிவிடுவாரே, ஆச்சிக்குக் கேட்டிருக்கக் கூடாதே என்று கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். கேட்டுவிட்டது. கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. ஆச்சி சொன்னார்.

"இது அவுக மூச்சு இல்லை. அவுகளுக்கு மூச்சிழுப்பு உண்டு. மொதப் பிளேட்டைத் திரும்பப் போடுங்க."

வந்தவர் கேட்ட கேள்வி

அடுத்த மாதம் செட்டியார் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். ரங்கூன் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். வீட்டில் பயப்படுவார்கள் என்று எழுதவில்லையாம். வந்த மறுநாளே எனக்கு ஆள் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஒத்தையில கெடக்கிறவனுக்கு ஒத்தையா வாசிக்கிறவன்தேன் துணை" என்று சொல்லிக்கொண்டே செட்டியார் பிளேட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். கடைசி விரற்கடையில் வெறும் இரைச்சல்தான் வந்தது. நாலிலும் அப்படியே.

"முடிவையே காணோமே. யாரு இப்படித் தேச்சது?" என்று என்னைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"நாந்தேன் தேச்சேன். உள்ளே நீங்க இருக்கீகளான்னு பாத்தேன்."

இவ்வளவு பயத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த லாபம், பிளேட்டைத் தேய்த்ததற்குத் திட்டு வாங்காமல் வந்த அந்த ஒரு நாள்தான்.