கெப்பாசிட்டர் பெட்டியை நிறுத்திய நாள்

மழை ஏமாற்றிய அந்த வருடம் நாடு முழுக்க மின்வெட்டு. கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீஷியன். கரண்ட் போனால் ஜெனரேட்டரை எழுப்புவது என் பொறுப்பு. இத்தனை காலம் ஒழுங்காக ஓடிய அந்த ஜெனரேட்டர் ஒரு மாதமாக என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. எழுப்பிச் சுவிட்சைப் போட்டதும் வோல்ட் முள் மளமளவென்று ஏறும், பல்புகள் வெடிக்கும், உடனே தானாகவே துண்டித்துக்கொள்ளும். இரண்டு தடவை கொழுந்தெல்லாம் காற்றில்லாமல் வாட்டும் தொட்டியிலேயே சூடேறிச் சிவந்து குப்பைக்குப் போனது.

தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தாமலே ஆளை வெட்டுவார். மூன்றாம் தடவை காலையிலேயே கரண்ட் போனது.

"இண்டைக்கும் கொழுந்து பழுதாப்போனா உமக்கு இஞ்ச வேலையில்லை. இரத்தினபுரியிலயிருந்து இஞ்சின் திருத்துற பாஸ் ஒராளை வரச்சொல்லிப்போட்டன். பின்னேரம் வந்திடுவார்."

வேலை போனால் குடியிருந்த அறையும் போகும். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பயம்தான், ஆனால் அதைவிடக் கோபம். நான் என்ன குறை வைத்தேன்? ஜெனரேட்டர் பாரமில்லாமல் எழும்ப வேண்டும் என்று எல்லா மெஷினையும் முன்கூட்டியே நிறுத்துவது எங்கள் வழக்கம். ஆயுதபூசைக்குச் சந்தனப் பொட்டு வைத்த ஒவ்வொன்றையும் தேடிப்போய் நிறுத்துவேன். எதை நிறுத்த வேண்டும் என்பதற்கு அந்தப் பொட்டுத்தான் எனக்கு அடையாளம். அன்றும் ஒன்றையும் விடவில்லை.

எழுப்பிச் சுவிட்சைப் போட்டேன். முள் ஏறியது. இந்த முறை பக்கத்திலிருந்த ஆம்ப் முள்ளையும் பார்த்தேன். அதுவும் ஏறியது. ஒரு மெஷின்கூட ஓடாதபோது இந்தக் கரண்ட் எங்கே போகிறது? ஜெனரேட்டர் நின்றபின் கேபிள் வழியே கண்ணை ஓட்டினேன். சுவரோரத்தில் சாம்பல் நிறப் பெட்டி.

பூசை முடிந்து வெகுநாள் கழித்து, போன மாதம்தான் கொழும்பு ஆட்கள் வந்து பொருத்திய கெப்பாசிட்டர் பெட்டி. மோட்டர்கள் இழுக்கும் கரண்ட்டில் ஒரு பங்கை இது பக்கத்திலிருந்தே கொடுக்கும், கட்டணம் குறையும் என்றார்கள். ஆடாது, சத்தம் போடாது, பொட்டும் இல்லை. அதையும் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மோட்டர்களை எல்லாம் நான் நிறுத்திவிட்டால் அது கொடுப்பதை வாங்க ஆள் ஏது? அத்தனையும் ஜெனரேட்டர் தலையில்தான் விழும். வோல்ட் ஏறாமல் என்ன செய்யும்? முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"ஐயா, அந்தப் பொட்டிய நிறுத்தணுங்க."

"அதைத் தொடாதையும். ஒருநாளும் நிப்பாட்டக் கூடாதெண்டெல்லோ கொழும்பு ஆக்கள் சொன்னவை." கைப்பிடியைக் கம்பியால் கட்டிவைத்ததே அவர்தான்.

"அது வெளியிலருந்து வர்ற லயின் கரண்டுக்குங்க. ஜெனரேட்டருக்கு ஆகாதுங்க. கரண்ட் வந்ததும் திரும்பப் போட்டுர்றேன்." சொல்லிக்கொண்டே கம்பியை வெட்டினேன். எப்படியும் போகப்போகிற வேலைதானே.

மறுபடி எழுப்பினேன். முள் சரியாக நானூறுக்கு வந்து அசையாமல் நின்றது. தொட்டிக் காற்றாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாம் ஓடின. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐயா ஒரு கை கொழுந்தை அள்ளி முகர்ந்தார்.

"கொழுந்துக்கு ஒண்டுமில்லை. நீர் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்."

பின்னேரம் அந்த இஞ்சின் பாஸ் ஸ்பானர் பையோடு வந்து இறங்கினார். சிங்களவர், என்னைவிட மூத்தவர். ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரைப் பார்த்து முழித்தவருக்கு நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ மல்லி, தம்பி! வேற ஒரு எஸ்டேட்ல இதே பொட்டிதான், இதே கோளாறுதான். அங்க ஜெனரேட்டரையே கழட்டிப் போட்டு மூணு வாரமா தேடிக்கிட்டிருக்கேன். நீ வந்து காட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐயா குறுக்கே வந்து, அவருக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

"கூட்டிட்டுப் போங்க. ஆனா நாளைக்கே திருப்பி அனுப்பிடணும். எனக்கு இவர் வேணும்."