செவலை பார்த்த சுவரோரம்

மாமாவின் கருமாதி முடிந்த கையோடு அத்தை வீட்டுச் செவலை நாய்க்கு அந்தக் கோளாறு வந்தது. காலையில் எழுந்தது, நிற்க முடியாமல் இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. தலை ஒருக்களித்தே நின்றது. நடந்தால் வட்டம் போட்டது. வேடசந்தூர்ப் பக்கம் அப்போது வெறிநாய்ப் பயம் அதிகம். அப்பா தடியோடு ஓர் ஆளையே கூட்டி வந்துவிட்டார்.

அத்தை ஒரு கும்பாவில் தண்ணீர் வைத்தாள். நாய் பாதியைச் சிந்திப் பாதியைக் குடித்தது.

“வெறிநாய் தண்ணி குடிக்குமாடா தம்பி? அந்தாளப் போகச் சொல்லு” என்றாள் அப்பாவிடம்.

திண்டுக்கல் மாட்டாஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். காதுக்குள் நிதானம் தருகிற நரம்பு ஏதோ கெட்டிருக்கிறது, மருந்து கிடையாது, தாங்கிப் பிடித்து நடக்கப் பழக்கினால் சரியாகலாம் என்றாராம் டாக்டர். அத்தை மாமாவின் வேட்டியைக் கிழித்து, நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி காலையும் மாலையும் நடத்தினாள். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அப்படி மெனக்கெட மாட்டார்கள்.

எனக்குப் பயமெல்லாம் அதன் கண்கள்தான். கூடத்தில் சாக்கில் படுத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்க்கும். இரண்டு கண்ணும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் போய்ப் போய் வரும். அங்கே ஓர் ஈகூடக் கிடையாது. மாமா சாப்பிட்டதும் சுருட்டோடு நடை பழகுவது அந்தச் சுவரோரம்தான்.

“நடக்குறாக” என்றாள் அத்தை, வெகு சாதாரணமாக. “குறுக்க போகாத அப்பு, இடிச்சுக்குவ.”

அதன்பின் பட்டப்பகலில்கூட நான் கூடத்தில் கால் வைக்கவில்லை, நிலைப்படியோடு நின்றுகொள்வேன். அத்தையோ சுவரோரம் சோறும் வெஞ்சனமும் வைப்பாள். செத்த நேரம் நாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு உப்புக் கம்மியாம்” என்பாள். சிரித்துவிடாதே என்று அம்மா என்னைக் கிள்ளினாள். எனக்கு எங்கே சிரிப்பு வரும், வேர்த்துத்தான் கொட்டியது.

ஒருநாள் வேட்டியை உருவியதும் நாய் தானாக நடந்தது. தலை நேராகிவிட்டது. காகத்தைத் துரத்திக்கொண்டு தெருவரை ஓடிற்று. அன்றும் அத்தை சோறு வைத்தாள். நாய் நேராகப் போய் அதைத் தின்றது.

“எங்க இருக்காக, பாருடா” என்று அதன் தாடையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அது கண்ணை அசைக்காமல் அவளையே பார்த்து வாலாட்டியது.

மாமாவைத் தூக்கிய அன்றுகூட வாய்விட்டு அழாதவள், நாயைக் கட்டிக்கொண்டு கதறினாள். நாய் பிழைத்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயம்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்து, நான் அந்தச் சுவரோரம் போய்க் குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டினேன்.

“பாருங்க அத்தை, இங்க யாருமே இல்ல” என்றேன், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.