மாக்கிறேற் கட்டிய தங்கூசி

மாக்கிறேற் என்ற பேரை நான் முதன்முதல் கேட்டது ஊர்காவற்றுறை வேதக் கோயிலில். பூசை முடிய, சுவாமியார் கலியாண அறிவித்தல் வாசித்தார். என் சின்னம்மாவின் மகன் யாகப்புவுக்குத்தான் அவளைப் பேசியிருந்தார்கள். "மெலிஞ்ச பெட்டையாம், ஒரு குடம் தண்ணி தூக்குவாளோ தெரியேல்லை" என்று சின்னம்மா என் காதுக்குள் சொன்னா.

யாகப்பு களிநிலத்தில் வீடு கட்டினான். குசினியில் சட்டிபானை கழுவும் தண்ணீர் விழும் இடத்தில், சுவரோடு ஒட்டிக் கதலி வாழை வைத்தான். எங்கள் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். குலை பழுத்தால் ஒரு சீப்பு எனக்கு வரும். அவன் நெஞ்சு வருத்தத்தில் போன பிறகும் அது நிற்கவில்லை.

நாலு வருசத்துக்கு முந்தின கோடையில் அறைச்சுவர் விரல் போகுமளவுக்கு வெடித்தது. மேசன் சுதாகரன் சீமெந்து பூசினான். கிழமை இரண்டு போகவில்லை, திரும்பவும் வெடித்தது. மகள் அனோஜினி பிரான்சிலிருந்து, "வீடு விழமுதல் இஞ்ச வாங்கோ அம்மா" என்று அழுதாள். மாக்கிறேற்றுக்குப் போக மனமில்லை.

வெடிப்பின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, தங்கூசியை, அந்தத் தூண்டில் நைலோன் நூலை, இழுத்துக் கட்டினாள். மாரியில் வெடிப்பு ஒடுங்கி, அது தொய்ந்தது. அடுத்த ஆடியில் வெடிப்பு விரிய, விண்ணென்று நின்றது.

"கடல் மாதிரித்தான் மச்சாள், களியும் ஏறி இறங்குது. குசினிப் பக்கம் எந்த நாளும் ஈரம், பொங்கி நிக்குது. முன்பக்கம் காய்ஞ்சு இறங்குது. வாழையைக் கிளப்பவேணும்" என்றாள் என்னிடம்.

"என்ர தம்பி வைச்ச வாழையில கை வைப்பீரோ?"

"உமக்குச் சீப்புத்தானே கவலை!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவர் கட்டின வீடு விழுந்தால் நான் எங்க இருக்கிறது?"

நான் மண்வெட்டியை எடுத்துவந்து கொடுத்தேன்.

வாழையைக் கிழங்கோடு தோண்டி வேலியோரம் நட்டாள். குசினித் தண்ணீரையும் குழாய் வைத்து அங்கேயே விட்டாள். கூரைத் தண்ணீரைப் பிடிக்கப் பீலி போட்டாள். மழைத்தண்ணீர் வெளியே ஓட, சுவரோர மண்ணைச் சரிவாக இறுக்கினாள். கோடை முழுக்க, முன்பக்கக் களி காயாமல் இருக்க, சுவருக்கு இரண்டடி தள்ளி, உவர்க்கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள். "வீட்டை முளைக்கப் போட்டிருக்கிறியளோ அக்கா?" என்று றோட்டால் போனவர்கள் கேட்டார்கள். சின்னம்மா உயிரோடு இருந்து அந்தக் குடங்களை எண்ணியிருக்கவேணும்.

போன ஆடியில் தங்கூசி இறுகவேயில்லை. அதை மகளுக்குப் போனில் காட்டினாள். "சரி அம்மா, இனி வரச்சொல்லிக் கேக்கேல்லை" என்றாள் அனோஜினி.

மாக்கிறேற் இப்போதும் ஊர்காவற்றுறையில், யாகப்பு கட்டிய அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.