சத்தத்தை அணைத்துப் பார்த்த வீடியோ

எங்கள் கல்லூரியில் பாடத்தை முன்கூட்டியே வீடியோவில் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்ப்பது மட்டும்தான். நான் லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறியதும் சத்தத்தை அணைத்து, வீடியோவை ஓடவிட்டுத் தூங்கிவிடுவேன். முழுதும் பார்த்ததாக என் பெயருக்கு நேரே ‘நூறு சதவீதம்’ என்று விழுந்துவிடும்.

வகுப்புகள் முடிந்து, பரீட்சைக்கான லீவில்தான் கடைசி வீடியோவைக் காது கொடுத்துக் கேட்டேன். பாதியில் மேடம் பாடத்தை நிறுத்தினார். சனிக்கிழமையோடு வேலையை விடுவதாகவும், வகுப்பில் சொன்னால் அழுதுவிடுவார் என்பதால் இங்கே சொல்வதாகவும், அன்று ஒருமுறை வந்து பார்க்கும்படியும் சொன்னார்.

கல்லூரிக்கு ஓடினேன்.

"மேடம் போயி பத்து நாளாச்சுப்பா," என்றார் அட்டெண்டர். "அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. ஒருத்தரும் வரல."

வகுப்பில் எல்லோர் பெயருக்கு நேரேயும் நூறு சதவீதம்தான். அதை மேடமும் பார்த்திருப்பார். எல்லோரும் கேட்டும் யாருமே வரவில்லை என்று நினைத்துத்தான் போயிருப்பார்.