ஒரு வாய் ஷாம்பெயின்

என் கணவரை மறுபடி குடிக்க வைத்தவள் நான்தான். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

ஆறு ஆண்டுகளாக அவர் ஒரு துளியும் தொடவில்லை. மகள் தர்சிகாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து நிறுத்தியவர். புலம்பெயர்ந்து வந்த மோர்டனில் எங்கள் வீடு சிரித்தது அந்த ஆறு ஆண்டுகள்தான்.

அப்போதுதான் என் அலுவலகத்தில் பிரான்சுக்கு ஒருநாள் பயணம் ஏற்பாடு செய்தார்கள். ஷாம்பெயின் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க! அவர் தயங்கினார். "எல்லாரும் சோடியாத்தான் வருகினம்" என்று இழுத்துப் போனேன்...

விடியுமுன் கோச் பஸ் புறப்பட்டது. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறையில் போத்தல்கள் தலைகீழாகச் சாய்ந்திருந்தன. நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்கு இறக்கி, உறையவைத்து வெளியே தெறிக்க விடுவார்களாம். என் கணவர் இயந்திரம் திருத்துபவர் அல்லவா, வழிகாட்டிப் பெண்ணிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்!

மேலே வந்ததும் எல்லோருக்கும் கிண்ணம் நீட்டினார்கள். அவர் தண்ணீர் கேட்டார். என் மேலாளர் புருவத்தை உயர்த்தினார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, ஒரு வாய்தானே. ஆக்களுக்கு முன்னால என்னை வெட்கப்படுத்தாதேங்கோ."

"ஒரு வாயோட என்னால நிக்க ஏலாது, வதனி. உமக்குத் தெரியும்தானே."

தெரியும். தெரிந்துதான் கிண்ணத்தை அவர் கையில் திணித்தேன்! என்னை ஒருமுறை பார்த்தார். குடித்தார்.

திரும்பும் வழியில் அவர் மடியில் இரண்டு போத்தல்கள். ஒன்றைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் உறங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்... ஏன்? அப்போதாவது கையைப் பிடித்திருக்கக் கூடாதா?

ஒரு மாதத்தில் தர்சிகா கண்டுபிடித்துவிட்டாள். "ஆரப்பா உங்களுக்குத் தந்தது?" என்று கத்தினாள்.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "ஒருத்தரும் தரேல்லை, பிள்ளை. எனக்கே ஆசை வந்திட்டுது."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

மூன்று ஆண்டுகளில் ஈரல் கெட்டு இறந்துபோனார். நாங்கள் தனித்திருந்தபோதுகூட அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏசியிருக்கலாமே!

செத்தவீட்டில் மகள் அழவில்லை. "அப்பாவுக்கு எங்களைவிட அதுதான் பெரிசாப் போச்சு. நீங்கள்தான் பாவம், அம்மா" என்று என்னை அணைத்துக்கொண்டாள். அணைக்க விட்டேன்.

இன்றும் ஞாயிறுதோறும் வருகிறாள். தகப்பனின் பெயரை எடுப்பதேயில்லை.

சொன்னால் அவளுக்கு அப்பா திரும்பக் கிடைப்பார். எனக்கு மகள் இருக்கமாட்டாள்...

இந்த ஞாயிறும் நான் சொல்லவில்லை.