மாற்றி வைத்த இரண்டு குப்பிகள்

இரண்டு நோயாளிகளின் மருந்தை நான் மாற்றினேன். கைதவறி அல்ல. தெரிந்தே, ஐந்து நாள், வேளை தவறாமல். ஒருத்தி பிழைத்தாள். ஒருவர் இறந்தார்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். நுரையீரல் அழற்சியில் நீர் கோத்து மூச்சுக்குத் தவிக்கிறவர்களிடம் அங்கே ஒரு புது மருந்தைச் சோதித்தார்கள். நம் நரம்புகளே சுரக்கும் சின்னஞ்சிறு புரதத் துண்டு அது, நியூரோபெப்டைடு என்பார்கள். அழற்சியைத் தணிக்கக்கூடும் என்று ஒரு நம்பிக்கை. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டையும் நெபுலைசரில் ஊற்றி முகமூடி வழியே கொடுப்போம். யாருக்கு எது என்று கணினி குலுக்கிப் போடும். நோயாளிக்கும் தெரியக்கூடாது, மருத்துவருக்கும் தெரியக்கூடாது, எனக்கும்தான். குப்பியின்மேல் எண் மட்டுமே இருக்கும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்துக் குப்பியைக் கவிழ்த்து நிமிர்த்தினால் மெல்லிய நுரை நிற்கும்; உப்புநீரில் நிற்காது. படித்தவர்கள் கோட்டைவிட்டதைத் தினமும் குப்பியைத் தொடுகிற கை கண்டுகொண்டது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை… ஏன்? அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற திமிர்தான்.

ஒரே நாளில் இருவர் சேர்ந்தார்கள். ரேவதி, அவள் பெயரை மாற்றியிருக்கிறேன், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொட்டி கழுவப் போய் விஷவாயுவைச் சுவாசித்தவள். இருபத்தேழு வயது. வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அடுத்த கட்டிலில் நாவலூர்க்காரர் ஒருவர். கணினி நிறுவனத்தில் மேலாளர், நிமோனியா முற்றிப்போய் வந்தவர். குலுக்கலில் மருந்து அவருக்கு விழுந்தது. ரேவதிக்கு உப்புநீர்.

ரேவதியின் கணவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வாசலில் என்னை மறித்தான்.

"யக்கா, புது மருந்துன்றாங்களே… அத்தக் குட்த்தா பொழச்சிக்குமா? உனுக்குத் தெர்ஞ்சா சொல்லுக்கா."

என்ன சொல்வேன்? உன் மனைவிக்குப் போவது உப்புத் தண்ணீர் என்றா?

கணினிக்குக்கூட ஏழை என்றால் இளக்காரமா என்று ஆத்திரம் பொங்கியது. மடத்தனம்தான். குலுக்கலுக்கு ஏழை ஏது, பணக்காரன் ஏது? இருந்தும் கை போனது. ஏட்டில் எண்களைச் சரியாகவே எழுதினேன். குப்பிகளை மட்டும் இடம் மாற்றினேன். கூட நின்று சரிபார்க்க வேண்டியவள் வேலைப் பளுவில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் ரேவதிக்கு ஆக்சிஜனைக் குறைத்தார்கள். ஆறாம் நாள் மேலாளர் இறந்தார். அந்தத் திணறலிலும், முகமூடியை மாட்டும்போதெல்லாம் "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று சொன்ன மனிதர். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவோ பாத்தீங்க சிஸ்டர்," என்று அழுதார். கையை நான் உருவிக்கொள்ளவில்லை.

மருந்து கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரியாது. கிடைக்காவிட்டால் ரேவதி போயிருப்பாளா? அதுவும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே ஆய்வே நடந்தது! ஏட்டில் இன்று இருப்பது இதுதான்: மருந்து பெற்றவர் இறந்தார், உப்புநீர் பெற்றவள் பிழைத்தாள். மிகச் சிலரே கலந்துகொண்ட ஆய்வு அது. ஒரு சாவு பக்கம் மாறினாலே தராசு சாய்ந்துவிடும். சாய்ந்தது. பலனில்லை என்று நிறுத்தினார்கள். மிச்சக் குப்பிகளைப் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்பியவளும் நான்தான்.

போன மாதம் மாமல்லபுரம் கடற்கரையில் ரேவதியைப் பார்த்தேன். தொழிற்சாலையை விட்டுவிட்டு மீன் வறுத்து விற்கிறாள். ஒரு துண்டை இலையில் வைத்து நீட்டினாள்.

"எனுக்குக் குட்த்தது வெறும் உப்புத் தண்ணியாம் சிஸ்டர். டாக்டரே சொன்னாரு. அம்மாதான் காப்பாத்தனா. ஆடிக்குப் பால்கொடம் எட்த்தேன்."

உண்மை நுனிநாக்கு வரை வந்தது. அடுத்த கட்டில்காரரின் மருந்து அது என்று எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். அவள் மனம் நோகக்கூடாது என்று மறைத்ததாக எண்ணாதீர்கள். என் வேலை போய்விடும் என்றுதான் மறைத்தேன். இதையும் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன்.

ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு குழந்தைக்குத் தாய் இருக்கிறாள். மறுபடி அந்த இரண்டு கட்டில்களுக்கு நடுவே என்னை நிறுத்தினால் மறுபடியும் மாற்றுவேன். நீங்கள் மாற்ற மாட்டீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

நான் வாயைத் திறந்தால் அந்த மருந்தை இன்னொரு முறை சோதித்துப் பார்ப்பார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும்…

நேற்றுக் காலை ஒரு கல்லூரிப் பெண்ணைச் சேர்த்தார்கள். அதே அழற்சி, அதே திணறல். ஊரப்பாக்கத்திலிருந்து கூட்டிவந்த தகப்பன் என்னிடம் கேட்டார்:

"இதுக்குன்னு எதுனா மருந்து இருக்குதாம்மா?"

இல்லை என்றேன்.